நான்காவது சர்வரும் குட்டி அத்தையின் கல்யாணமும்

எங்கள் குடும்பத்தில் உறவுமுறையும் வயதும் ஒத்துவராத ஒருவர் உண்டு. அவர் தாத்தாவின் கடைசி மகள், என் தந்தையின் கடைசித் தங்கை, எனக்கு அத்தை. ஆனால் என்னைவிட நான்கு வயது இளையவர். நான் பள்ளியில் சேர்ந்த ஆண்டில்தான் அவர் தொட்டிலுக்கே வந்தார். அவருக்கு வீட்டில் ‘குட்டி அத்தை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நான் அவரை மரியாதைப் பன்மையில் விளிப்பதும், அவர் என்னை ‘டேய் மருமகனே’ என்று அதட்டுவதும் அவர் பேசத் தொடங்கிய நாளில் ஏற்பட்ட ஏற்பாடு. என் தலை நரைத்த பின்னும் அதில் யாரும் கைவைக்கவில்லை.

அவருடைய தொழில் எங்கே தொடங்கியது என்று கேட்டால், எங்கள் பழைய வீட்டின் ஒற்றைக் குளியலறை வாசலில் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் வீடே அங்கே வரிசையில் நிற்கும். பள்ளிச் சிறுமியாக இருந்த அத்தை ஒருநாள் அந்த வரிசையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, முதலில் நின்ற என் தந்தையைக் கடைசிக்கு அனுப்பினார். தந்தை குளிக்கும்போது பாடுகிறவர். ஒரு பாட்டைப் பாதியில் விட்டு வெளியே வருவதை அவமானமாகக் கருதுகிறவர்.

“வீட்டுக்கு மூத்தவன்டி நான்” என்றார் தந்தை.

“மூத்தவர்தான், யாரு இல்லேன்னா? ஆனா சட்டுனு குளிச்சிட்டு வர்றவங்க நாலு பேரு நிக்கிறாங்கண்ணா. உங்கள முதல்ல விட்டா எல்லாரும் லேட்டு. கடைசியா விட்டா நீங்க ஒருத்தர்தான் லேட்டு.”

மறுநாள் முதல் தந்தை எல்லோருக்கும் முன்னால் விழித்தெழுந்து, இருட்டோடு இருட்டாகத் தொண்டையைத் திறந்தார். அதன்பின் எங்கள் வீட்டில் எவரும் எங்கும் தாமதமாகப் போனதில்லை. எவரும் சரியாகத் தூங்கியதுமில்லை.

படிப்பு முடிந்ததும் அத்தை ஒரு குடைக் கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியராகச் சேர்ந்தார். குடை, மழைக்கோட்டு, ரப்பர் காலணி ஆகியவற்றைப் பல ஊர்க் கிளைகளிலும் இணையத்திலும் விற்கிற நிறுவனம் அது. ‘குடை விக்கிறதுக்கு எதுக்கு இன்ஜினியர்?’ என்று உறவினர் கேட்காத நாளில்லை. கிளைகளில் போடப்படும் பில்லும், கைப்பேசியில் ஆர்டர் செய்யும் வாடிக்கையாளரின் விண்ணப்பமும் தலைமை அலுவலகத்தில் உள்ள சர்வர் கணினிகளுக்குத்தான் வந்துசேர வேண்டும். வரும் வழியில் நெரிசல் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், வந்தவர்களைச் சர்வர்களுக்கு இடையே பங்கிட்டு அனுப்புவதும் அத்தையின் வேலை. அப்படிப் பங்கிடுகிற கருவிக்குத் தொழிலில் லோட் பேலன்சர் என்று பெயர். அத்தை அதை ‘வாசல்காரன்’ என்பார். எந்தச் சர்வரிடம் கூட்டம் குறைவோ, அந்தப் பக்கம் கையைக் காட்டுவதுதான் வாசல்காரனின் உத்தியோகம்.

மற்ற வியாபாரங்களுக்குப் பண்டிகைக் காலத்தில் கூட்டம் வரும். நாள் தெரியும், ஆயத்தம் செய்யலாம். குடை வியாபாரத்துக்கு மேகம் வந்தால் கூட்டம். வானம் இருண்டால் ஊரே ஒரே சமயத்தில் குடை தேடும்.

அவர் பெயரெடுத்தது ஒரு கிளையின் குறையைத் தீர்த்தபோது. அங்கே மாலையானால் பில் போடும் திரை உறைந்துவிடும். காசாளர் பெண்மணி தொலைபேசியில், “பில் வர்றதுக்குள்ள மழையே நின்னுடுது மேடம். வாங்க வந்தவங்க வெயில பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க” என்று முறையிட்டார். அத்தை நேரே போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்து, கம்பியில் என்னென்ன போகிறது என்று மடிக்கணினியில் பார்த்தார். கிளை மேலாளர் கண்காணிப்புக் கேமராவின் படங்கள் முழுவதையும் மாலை நேரத்திலேயே தலைமை அலுவலகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு சிறிய பில் அந்தப் படங்களுக்குப் பின்னால் மூச்சுத் திணறி நின்றது.

“பாதுகாப்பு முக்கியம் இல்லையா மேடம்?” என்றார் மேலாளர்.

“முக்கியம்தான் சார். ஆனா குடை வாங்க வந்தவர, குடைய எடுத்துக்கிட்டு ஓடுற அளவுக்குக் காக்க வைக்கக் கூடாது.”

அன்று முதல் எல்லாக் கிளைகளிலும் பில்லுக்கு முதல் வழி. கேமராப் படங்கள் கடை சாத்திய பிறகு. குளியலறை வாசலில் என் தந்தைக்கு வழங்கப்பட்ட அதே தீர்ப்பு.

இனி கல்யாணக் கதைக்கு வருகிறேன். அத்தையின் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு லிப்டுகள் இருந்தன. பொத்தானை ஒருமுறை அமுக்கினால் இரண்டும் சேர்ந்தே வந்து நிற்கும். மற்ற மாடிகளில் இருப்பவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பயணிகளைப் பங்கிடத் தெரியாத இந்த லிப்டுகள் அத்தைக்குத் தனிப்பட்ட அவமதிப்பாகவே தோன்றின. ஒருநாள் அவற்றில் ஒன்று அவரை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. கதவின் மறுபுறத்திலிருந்து லிப்ட் மெக்கானிக்கின் குரல் கேட்டது.

“பயப்படாதீங்க மேடம். இப்ப எடுத்துடலாம்.”

“நான் பயப்படல. ரெண்டு லிப்டும் ஏன் ஒரே மாடிக்கு வருதுன்னு மட்டும் சொல்லுங்க.”

“அது வந்து… ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது மேடம். நடுவுல ஒரு போர்டு வைக்கணும். மேல எழுதிப் போட்டிருக்கேன்.”

“யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க போகணும்னு வெப்பீங்களா, இல்ல யாரு காலியா இருக்காங்களோ அவங்கன்னு வெப்பீங்களா?”

கதவுக்கு வெளியே ஸ்பேனரைக் கீழே வைக்கும் ஓசை. பிறகு மெக்கானிக், “மேடம், நீங்க கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கீங்களா? இத இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல” என்றார்.

லிப்ட் சரியான பிறகும் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசியதாக அலுவலகக் காவலாளி பின்னர் எங்களிடம் தெரிவித்தார். அந்த லிப்டுகள் அதற்குப் பின் வாரந்தோறும் பழுதாயின. அவற்றுக்கு உண்மையிலேயே பழுது இருந்ததா என்பதை நான் விசாரித்துப் பார்த்தும் உறுதி செய்ய இயலவில்லை.

நாற்பதைக் கடந்த இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்வதென்று முடிவாகி, முன்னறிவிப்பும் கொடுத்தார்கள். அந்த முன்னறிவிப்புக்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் கையெழுத்திடாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல்முறை குறித்த நாளில் மழை பெய்து அத்தை அலுவலகத்தைவிட்டு நகர முடியவில்லை. இரண்டாம் முறை பதிவு அலுவலக வாசல்வரை வந்தார்; தூறல் விழுந்தது; திரும்பிப் போனார். மிஞ்சியது கெடுவின் கடைசி நாள் மட்டும்.

மெக்கானிக் கோபப்படுகிறவர் அல்ல. அத்தையிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “மேடம், உங்க வேலைய நான் குறை சொல்லல. ஆனா வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது. மறுபடி மொதல்லேருந்து மனு போட எனக்குத் தெம்பில்ல. அன்னிக்கும் மழை வந்தா, நீங்க குடையப் பாத்துக்குங்க, நான் லிப்டப் பாத்துக்கறேன்.” அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் வரவில்லை என்று அத்தை என்னிடம் சொன்னபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. வானிலை அறிவிப்பு ‘தெளிந்த வானம்’ என்றது. நான்காம் மாடியில் இருந்த பதிவு அலுவலகத்துக்கு நாங்கள் ஆறு பேர் போனோம்: மணமக்கள், என் தந்தை, சாட்சிகளாக நானும் என் மனைவியும் மெக்கானிக்கின் அக்காவும். மெக்கானிக் அன்று மீசையை மழித்துவிட்டு வந்திருந்தார். “கூச்சமா இருக்கு” என்று மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அத்தையின் புதுக் காலணி ஒவ்வொரு அடிக்கும் எலிக்குஞ்சைப் போலக் கீச்சிட்டது. கூடத்தில் இரண்டு கவுண்டர்கள். வருகிறவர்களைக் குறுகிய வரிசைக்குக் கைகாட்டி அனுப்ப ஒரு காவலாளி நின்றார். முற்பகலோடு பொதுமக்களுக்கான நேரம் முடியும்.

நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஜன்னலில் முதல் துளி விழுந்தது. தெளிந்த வானம் கொட்டத் தொடங்கியது. அத்தை ஜன்னலைப் பார்த்தார். மெக்கானிக் அத்தையைப் பார்த்தார். என் தந்தை எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டு மெல்லப் பாட ஆரம்பித்தார். என் மனைவி அவருடைய முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

கைப்பேசி மணி அடித்தது. பேசியவர் அத்தையின் குழுவில் உள்ள இன்ஜினியர். எந்தச் சிக்கலுக்கும் ‘பாத்துக்கலாம்’ என்பதே அவருடைய பதிலாதலால் அலுவலகத்தில் அவர் பெயரே ‘பாத்துக்கலாம்’ என்றாகிவிட்டது. அத்தை ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“அக்கா, கல்யாணம் முடிஞ்சுதா?”

“இன்னும் இல்ல. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லக்கா, பாத்துக்கலாம்.”

“விஷயத்தச் சொல்லு.”

“மழைக்கா. வர்றவங்கள்ல பாதிக்கு மேல குடை கிடைக்கல, ‘மன்னிக்கவும்’னு ஒரு பக்கம் வருது. ஆனா நாலு சர்வரும் பச்சையாத்தான் இருக்கு. ஒண்ணுலயும் நெரிசல் இல்ல. ஒண்ணும் புரியல.”

“நாலா? மூணுதானே?”

“நேத்து ஒண்ணு சேத்தேன்க்கா. உங்க கல்யாணப் பரிசு. இன்னிக்கு மழை வந்தாலும் உங்களக் கூப்பிட வேண்டாம்னு.”

“மேடம்” என்றார் மெக்கானிக். ஒரே சொல்தான். அத்தை கையை உயர்த்தி, ‘இரண்டே நிமிடம்’ என்று விரல்களால் காட்டினார்.

அதற்குள் காவலாளி எங்களை இரண்டாம் கவுண்டருக்கு விரட்டினார். “காலியா இருக்கு, போங்க போங்க. அங்க வேலை எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்க.” முதல் கவுண்டரின் வரிசை அசையவே இல்லை, இரண்டாம் கவுண்டருக்குப் போனவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஜோடியைக் குமாஸ்தா, மை நீலமாக இல்லை என்று திருப்பி அனுப்பினார். அவர்களுக்கு முன் போனவர்களை, மை மிகவும் நீலமாக இருக்கிறது என்று அனுப்பியிருந்தார். எங்கள் தாள்களை வாங்கிய அவர் மெக்கானிக்கின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“போட்டோல மீசை இருக்கு. ஆளுகிட்ட இல்ல. நாளைக்கு வாங்க.”

“சார், கெடு இன்னியோட முடியுது” என்றார் மெக்கானிக்.

“அப்ப மீசையோட வாங்க.”

“இன்னிக்குள்ள எப்படி சார் வளரும்?”

“அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அடுத்து.”

மெக்கானிக்கின் அக்கா கொதித்துப் போனார். “ஏங்க, மீசைக்கா கல்யாணம், என் தம்பிக்கா?” என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கைப்பேசியைக் கையில் பிடித்தபடி, காவலாளியையும் கவுண்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். காவலாளி இன்னொரு ஜோடியை அனுப்பினார், குமாஸ்தா திருப்பினார், கவுண்டர் காலியானது, காவலாளி மகிழ்ந்து அடுத்தவர்களை அனுப்பினார். அத்தையின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. அடுத்த நொடியில் அவர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மணமகளுக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ என்று என் தந்தை அஞ்சினார்.

“டேய் பாத்துக்கலாம்” என்றார் அத்தை கைப்பேசியில். “நாலாவது சர்வர்கிட்ட நீ ஒரு குடை கேட்டுப் பாத்தியா?”

“அதான் பச்சையா இருக்கேக்கா.”

“கதவத் தட்டினா திறக்குதுன்னுதான் பச்சை. உள்ள போய்க் குடை கேட்டியா?”

“கேக்கல.”

“கேளு.”

விசைகளின் ஓசை கேட்டது. “மன்னிக்கவும்னு வருதுக்கா. ரொம்ப வேகமா வருது.”

“இருப்புக் கணக்கப் பாக்க அதுக்கு வழி திறந்து விட்டியா?”

“…இல்லக்கா.”

“அதான். எத்தன குடை இருக்குன்னு அதுக்குத் தெரியாது. வந்தவங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு மன்னிப்புக் கேட்டு அனுப்பிடுது. மன்னிப்புக் கேக்க எவ்வளவு நேரமாகும்? உடனே காலியாயிடும். காலியா இருக்கேன்னு வாசல்காரன் ஊரையே அதுகிட்ட அனுப்புறான். ஒழுங்கா வேல செய்யற மூணும் ஈ ஓட்டுது.”

“ஐயையோ.”

“மொதல்ல அத வரிசையிலேருந்து எடு. மூணு தாங்கும். அப்புறம் வாசல்காரன் தட்டிப் பாக்கறத மாத்து. குடை இருக்கான்னு கேக்கணும், இருக்குன்னு பதில் வந்தாத்தான் பச்சை. இனி எனக்குப் போன் பண்ணாத. நான் கல்யாணத்துல இருக்கேன்.”

கைப்பேசியை என் மனைவியின் பையில் போட்டுவிட்டு அத்தை காவலாளியிடம் நடந்தார். காலணி கீச்சிட்டது.

“அண்ணே, அந்தக் கவுண்டர் ஏன் காலியா இருக்குன்னு பாத்தீங்களா?”

“சுறுசுறுப்பும்மா.”

“அங்க போன ஒருத்தருக்காவது கல்யாணம் ஆச்சா?”

காவலாளி விரல்விட்டு எண்ணிப் பார்க்க முயன்றார், எண்ண ஏதுமில்லை. “எனக்குக் காலியா இருந்தா அனுப்பணும்னுதாம்மா சொல்லியிருக்காங்க” என்றார்.

“உங்க மேல தப்பே இல்லண்ணே. எங்க ஆபீஸ்லயும் ஒரு வாசல்காரர் இதையேதான் செஞ்சாரு.”

ஆனால் முதல் கவுண்டரின் வரிசை படிக்கட்டுவரை நீண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால், அந்த வரிசையில் நின்று எங்கள் முறை வருவதற்குள் கெடு முடிந்துவிடும் என்பது தெளிவு. அத்தை இரண்டாம் கவுண்டருக்குத் திரும்பினார். குமாஸ்தா அவரைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலானார்.

“சார்” என்றார் அத்தை, தாழ்ந்த குரலில். “உங்க கம்ப்யூட்டர் வேலை செய்யுதா?”

குமாஸ்தா இருபுறமும் பார்த்துவிட்டு முன்னால் சாய்ந்தார். “காலைலேருந்து பதிவே திறக்கலம்மா. மேல சொல்லியாச்சு, யாரும் வரல. சும்மா உக்காந்திருந்தா மொத கவுண்டர்காரரு ஒரு மாதிரி பாக்கறாரு. அதான் ஏதாவது குத்தம் சொல்லி…”

“நேத்து வேலை செஞ்சுதா?”

“ஜோரா செஞ்சுது. காலைல ஜன்னல் ஒழுகுதுன்னு மேஜைய மட்டும் தள்ளிப் போட்டோம்.”

அத்தை மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். அவர் புதுக் கோட்டைக் கழற்றித் தன் அக்காவிடம் கொடுத்துவிட்டு, மண்டியிட்டு, அரசாங்க மேஜைக்கு அடியில் புகுந்தார். மணமகனின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. என் தந்தை அவற்றைச் சற்றுக் கவலையோடு பார்த்தார்.

“மேஜைக் கால் ஒயர் மேல நிக்குது” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “தூக்குங்க.”

நானும் காவலாளியும் தூக்கினோம். நசுங்கிய முனையை மெக்கானிக் தன் பைக்கத்தியால் வெட்டி எறிந்தார். அத்தை கைப்பையிலிருந்து புதிய முனை ஒன்றையும் அதைப் பொருத்தும் இடுக்கியையும் எடுத்து நீட்டினார். கல்யாணத்துக்கு அந்த இடுக்கியை ஏன் கொண்டுவந்தார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இருவரும் மேஜைக்கு அடியில் தலையோடு தலை வைத்து வேலை செய்தார்கள்.

“வெள்ளை கலந்த ஆரஞ்சு ஒயர் மொதல்ல” என்றார் அத்தை.

“தெரியும் மேடம். கைய எடுத்தா முனைக்குள்ள தள்ளிடுவேன்.”

“எடுக்க மாட்டேன்.”

திரை ஒளிர்ந்தது. குமாஸ்தா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நூலாம்படை படிந்த தலையோடு வெளியே வந்த மணமகனை உற்றுப் பார்த்து, “மீசை ஒரு பெரிய விஷயமா? மூஞ்சி அதே மூஞ்சிதான்” என்று சொல்லி, கையெழுத்து வாங்கினார். அத்தை இட்டார், மெக்கானிக் இட்டார், சாட்சிகள் மூவரும் இட்டோம். அன்று இரண்டாம் கவுண்டரில் நடந்த முதல் கல்யாணம் அதுவே. காவலாளி, திருப்பி அனுப்பப்பட்ட மற்ற ஜோடிகளைத் தேடிப் படிக்கட்டில் ஓடினார். நேரம் முடிந்த பின்னும் குமாஸ்தா கவுண்டரை மூடவில்லை.

வெளியே மழை விட்டபாடில்லை. குடைக் கம்பெனிக்காரர் கல்யாணத்துக்கு வந்த ஆறு பேரில் ஒருவரிடமும் குடை இல்லை. அத்தை கைப்பேசியை மீட்டு, மற்ற வாடிக்கையாளரைப் போலவே ஒரு பெரிய குடைக்கு ஆர்டர் கொடுத்தார். பக்கம் கண்ணிமைக்குமுன் திறந்தது. ‘நன்றி, குடை வருகிறது’ என்றது. அந்த ‘நன்றி’யை அவர் எங்கள் ஒவ்வொருவருக்கும் காட்டினார், மோதிரத்தைக் காட்டுவதுபோல.

கீழே போக லிப்ட் பொத்தானை அமுக்கினோம். இரண்டு லிப்டுகளும் ஒன்றாக வந்து நின்றன.

“ஒண்ணு போதுமே, ரெண்டும் எதுக்கு வந்துச்சு?” என்று மெக்கானிக் கதவோரத்துப் பலகையை ஆராயத் தொடங்கினார்.

“இன்னிக்கு வேணாம்” என்றார் அத்தை. “வந்ததுதான் வந்துச்சு, வீணாக்கக் கூடாது. மூணு பேரு அதுல, மூணு பேரு இதுல. அண்ணா, நீங்க இங்க வாங்க. நீயும் வா” என்று என் மனைவியின் கையைப் பிடித்தார். “டேய் மருமகனே, நீ அந்தப் பக்கம்.”

பளு சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. கதவுகள் மூடின. அப்போதுதான் கவனித்தோம்: மணமகள் என் தந்தையோடும் மனைவியோடும் ஒரு லிப்டில், மணமகன் தன் அக்காவோடும் என்னோடும் மற்றொன்றில். அவருடைய அக்கா சுவரில் சாய்ந்து கண்ணீர் வரும்வரை சிரித்தார். எங்கள் லிப்ட் நேரே தரைத்தளம் வந்தது. மற்றது ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று இறங்கியது. அதற்குள்ளிருந்து என் தந்தையின் பாட்டு மாடிக்கு மாடி நெருங்கிவந்தது.

“கல்யாணமான கையோட காத்திருக்க வெச்சுட்டாங்க” என்றார் மெக்கானிக், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு. தலையில் நூலாம்படை இன்னும் இருந்தது. இம்முறை சிரிப்பு கண்வரைக்கும் வந்திருந்தது.

“அந்தப் பாட்டு முடியாம அப்பா வெளிய வர மாட்டாரு” என்றேன். “நீங்க இப்படி உக்காருங்க, மாமா.”